கொதித்த தண்ணீரும் வராத பெட்ரோலும்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் டிரங்க் சாலையில், வண்டலூரில், 1961-ஆம் ஆண்டு முதல் சுமார் பத்தாண்டுக் காலம் தயாராகி வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்னும் சிறிய காரை இக்காலத்து இளைஞர்களில் பெரும்பாலோர் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். மிக்கெலொட்டி என்ற இத்தாலிய நிபுணர் உருவம் வகுத்துக் கொடுக்க, 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயருடன் வெளிவந்து, பிறகு நம் ஊர்ப் பிரஜையாகிவிட்ட வண்டி அது. எஞ்சின் 948 சி.சி.தான், ஆனால் 25 அடி அகலம் கிடைத்தால் போதும், ஒரே வட்டத்தில் திரும்பிவிடும் என்பதால், மயிலாப்பூர்ச் சந்துகளில் அதற்கு இணையாக வேறொரு வாகனத்தைச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய விசேஷம், மற்ற வண்டிகளில் பானெட் என்று நாம் சொல்லும் தகடு மட்டுமன்றி, மட்கார்டுகளும் விளக்குகளும் உள்பட முன்பாகம் முழுவதுமே முன்னோக்கிக் கவிழ்ந்து, எஞ்சினையும் முன்சக்கரங்களையும் வெட்டவெளியாக்கிவிடும் என்பது. டயரின் மேலேயே சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு பழுது பார்க்கலாம். இயந்திரங்களிடம் பிரியமுள்ளவனுக்கு இதைவிட வேறென்ன பாக்கியம் வேண்டும்? அந்தப் பாக்கியத்தைக் கோடைக்காலத்தில், நடுரோட்டில், குடும்ப சமேதராய் அனுபவிக்க நேர்ந்ததுதான் சங்கடம்.

என்னிடம் வந்து சேர்ந்தபோது எங்கள் ஹெரால்டு பத்து வயதைத் தாண்டியிருந்தது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயைக் கட்டுப்படுத்தியதன் விளைவாகப் பெட்ரோல் விலை கண்மண் தெரியாமல் ஏறிவிட, காருக்கும் கார்க்காரர் என்ற கௌரவத்துக்கும் ஒருங்கே விடைகொடுத்துவிட்டுப் பஸ்ஸில் ஏறத் துணிந்த ஒரு கனவானிடமிருந்து, மூன்றாவது கையாக நான் அதை வாங்கினேன். பார்வைக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் பங்குனி பிறந்ததும் இரண்டு வியாதிகள் தலைகாட்டின. ஒன்று, ராடியேட்டர் கொதித்து மூடியோரமாக ஆவி கக்குவது. மற்றொன்று, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் இரண்டு முறை திணறிவிட்டு அடியோடு நின்றுபோவது. இரண்டும் உச்சி வெயிலில்தான் வரும். அரைமணி நேரம் மரநிழலில் நிறுத்திவைத்தால் இரண்டும் தாமே தணிந்துவிடும். சில நாட்களில் எது காரணம், எது காரியம் என்று பிரித்தறிய இடமில்லாதபடி இரண்டும் சேர்ந்தே வரும். வேடிக்கை பார்க்கக் கூடியவர்களில் ஆளுக்கொரு அபிப்பிராயம். ஒருவர் காயிலை மாற்றச் சொல்வார். ஒருவர் பிளக்கைத் துடைக்கச் சொல்வார். இன்னொருவர் ஒன்றுமே சொல்லாமல் ஒரு குடம் பச்சைத் தண்ணீரைக் கொண்டுவந்து கொதிக்கும் எஞ்சினின் தலையில் கொட்டப் பார்ப்பார். இந்தக் கடைசிப் பரோபகாரியிடம்தான் மிகவும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். பழுக்கச் சூடேறியிருக்கும் சிலிண்டர் ஹெட்டின்மேல் குளிர்ந்த நீர் பட்டால் அது விரிசல் கண்டுவிடும், அதற்குப் பிறகு காரணத்தை ஆராயவேண்டிய அவசியமே இராது.

பழைய வண்டிகளின் உறுப்புகள் மலைமலையாகக் குவிந்து கிடக்கும் புதுப்பேட்டையில், தகரக் கொட்டகை ஒன்றின் கீழ்த் தொழில் நடத்திவந்த ஒரு மேஸ்திரியிடம் நண்பர் என்னை அனுப்பிவைத்தார். ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன் கேள்வி கேட்கிற மெக்கானிக்கை அதுவரை நான் சந்தித்ததில்லை. அவர் பானெட்டைக் கூடத் திறக்கச் சொல்லவில்லை.

"எப்ப சூடாவுது சார்? நிக்கிறப்பவா, ஓடுறப்பவா?"

"ஓடும்போதுதான், மேஸ்திரி. ஜெமினி மேம்பாலம் ஏறினால் போதும்; இல்லாவிட்டால் செங்கல்பட்டு ரோட்டில் நாற்பது மைல் வேகத்தைத் தாண்டினால்."

"கூட்டத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறப்ப?"

"அப்போது அவ்வளவாக இல்லை."

"அப்ப ஃபேன் பெல்ட்டை யாரும் தொடவேணாம். தண்ணி ஓடல."

அவர் ஒரு வரியில் முடித்த தர்க்கத்தை நான் சற்று விரித்துச் சொல்லவேண்டும். நிற்கும் வண்டியின் ராடியேட்டருக்குக் காற்று கொடுப்பது விசிறி ஒன்றே. ஆகையால் நிற்கும்போது மட்டும் சூடேறுகிற வண்டியில் விசிறியையோ, தொய்ந்துபோன பெல்ட்டையோ சந்தேகிப்பது நியாயம். ஓடுகிற வண்டிக்குக் காற்றுக்குப் பஞ்சமில்லை. அப்போதும் சூடேறுகிறது என்றால், காற்று தாராளமாக எதிரே வந்து நின்றும், தண்ணீரால் தன் உஷ்ணத்தை அதனிடம் ஒப்படைக்க முடியவில்லை, அதாவது ராடியேட்டரின் குழாய்களில் எங்கேயோ அடைப்பு இருக்கிறது என்றுதான் கொள்ளவேண்டும். எத்தனையோ பேர் என் வண்டிக்கு என்ன வந்தது என்று கேட்டிருந்தார்கள். எப்போது வந்தது என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

பிறகு எஞ்சினை நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு நிறுத்தினார். முன்பாகத்தைக் கவிழ்த்துவிட்டு, உள்ளங்கையை ராடியேட்டரின் முகத்துக்கு அருகே கொண்டுபோய், மெதுவாக இடமிருந்து வலமாக நகர்த்தினார். ஓரிடத்தில் கை நின்றது. என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். இருபுறமும் கை வைக்க முடியாத சூடு. நடுவே, மேலிருந்து கீழாக, நான்கு விரற்கடை அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் ஏதும் அறியாததுபோல் குளிர்ந்து கிடந்தது. அந்தப் பட்டையிலுள்ள குழாய்களுக்குள் சுடுதண்ணீர் நுழையவே இல்லை என்பதற்கு இதைவிடப் பிரத்யட்சப் பிரமாணம் எதற்கு?

குற்றம் வண்டியை வார்த்தவர்களுடையது அன்று. எனக்கு முன் அதை ஆண்டவர்கள் வீட்டுக் கிணற்று நீரையே வருஷக்கணக்காக ஊற்றிவந்திருக்கிறார்கள். வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிந்து, தேங்காய் நாருக்கும் புளிக்கும் அசையாமல் நிற்கிறதே, அதே உப்புதான் இங்கேயும் படிந்து, எஞ்சினின் துருவையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, குழாய்களை அடைத்துவிட்டது. மேஸ்திரி முதலில் கீழ் ஹோஸைக் கழற்றி, குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாக எதிர்த்திசையில் பாய்ச்சினார். செம்மண் கரைசலாக ஏதேதோ வந்தது. சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றிச் சூடாக ஓடவிட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் வந்தது. பட்டை மட்டும் பட்டையாகவே இருந்தது. கடைசியில் ராடியேட்டர் பட்டறைக்கு எடுத்துப்போய், மேல் தொட்டியின் பற்றவைப்பை உருக்கிப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய தகட்டுக் கம்பியை மேலிருந்து கீழ்வரை செலுத்தித் துருவி எடுக்கும்படி ஆயிற்று. பட்டறைக்காரர் ஒரு சிகரெட் டப்பாவின் மூடியில் அந்தப் படிவத்தைச் சேகரித்து எனக்குக் காட்டினார். முட்டையோட்டின் கனத்தில், ஒருபுறம் வெள்ளையும் மறுபுறம் சிவப்புமாகச் சில்லுசில்லாக இருந்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் ஐப்பசி மழைத் தண்ணீரை ராடியேட்டருக்கென்று தனியே பிடித்துவைக்கும் வழக்கம் ஏற்பட்டது. இதைக் குறித்து வீட்டில் எழுந்த விமரிசனங்களை இங்கே எழுதுவது உசிதமன்று.

திரும்ப மாட்டிய பிறகும் அவர் திருப்தியடையவில்லை. எஞ்சின் ஆறிக் குளிர்ந்திருக்கும்போது, தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, மூடியைத் திறந்து வைத்தபடியே ஸ்டார்ட் செய்து, ராடியேட்டரின் வாயைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். சூடேறுவதற்கு முன்பே குமிழிகள் விடாமல் எழுந்தால், சிலிண்டரில் வெடிக்கும் வாயு ஹெட் காஸ்கெட்டைத் துளைத்துக்கொண்டு தண்ணீரில் கலக்கிறது என்று அர்த்தமாம். அப்படியானால் நாம் செய்த குழாய்ச் சுத்தமெல்லாம் விழலுக்கு இறைத்ததாகிவிடும். நீர்ப்பரப்பு அசையாமல் நின்றது. டிப்ஸ்டிக்கை உருவி, எண்ணெயில் பால் நிறம் தட்டியிருக்கிறதா என்றும் பார்த்தார். இல்லை. அப்பொழுதுதான் பீடியைப் பற்றவைத்தார்.

வண்டி கொதிப்பது நின்றது. ஆனால், நின்றுபோவது நிற்கவில்லை. கொதிப்பினால்தான் நின்றுபோகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததற்கு மாறாக, இரண்டும் வெவ்வேறு வியாதிகள் என்பது இதனால் தெளிவாயிற்று.

பெட்ரோல் விஷயத்திலும் அவர் கிரமம் தவறவில்லை. முதலில் பொறியா, பெட்ரோலா என்று தீர்மானிக்க வேண்டும். பிளக் ஒயரைக் கழற்றி எஞ்சினுக்கருகே பிடித்தால் நீலப்பொறி பளிச்சென்று தாவியது, ஆகவே பொறிக்கு நற்சான்று கிடைத்துவிட்டது. பிறகு டாங்கின் மூடி. அதிலுள்ள சிறு காற்றுத் துவாரம் தூசியால் அடைபட்டால், பெட்ரோல் வெளியேற வெளியேற உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பு எவ்வளவு இழுத்தாலும் வராமற்போகும். நின்றுபோன வண்டியின் மூடியைத் திருகும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே புகும் ஓசை கேட்டால் இதுதான் காரணம். எங்களுக்கு அந்த ஓசை கேட்கவில்லை. பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் துருவோ நீர்த்துளியோ இல்லை. கார்ப்பரேட்டர் ஜெட்டையும் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தார். பக்கத்துக் கொட்டகைப் பையன் ஊசி கொண்டுவந்து நீட்டியபோது அவருக்கு வந்த கோபத்தை நான் மறக்கமாட்டேன். மயிரிழை கணக்காகத் துளையிட்ட பித்தளை ஜெட்டில் ஊசியை நுழைத்தால் துளை பெரிதாகி, ஆயுள் பரியந்தம் வண்டி பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்பது அவர் கட்சி.

ஆறிய எஞ்சினில் எல்லாம் சரியாக இருந்ததால், வியாதியை நேரில் பார்க்க விரும்பினார். சித்திரை மாதத்து மத்தியானத்தில், என்னைத் தாம்பரம்வரை ஓட்டச் சொல்லிக் கூடவே வந்தார். வழியில் ஒரு டீக்கடை முன்னால் எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு, நிதானமாக டீ குடித்தார். மறுபடி கிளப்பிக் கொஞ்ச தூரம் போனதும், அவர் எதிர்பார்த்தபடியே வண்டி திணறி நின்றது. கார்ப்பரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு சோடாப் புட்டியின் வாயில் வைத்துக்கொண்டு செல்ஃபை அழுத்தச் சொன்னார். துடிப்புத் துடிப்பாகப் பீறிட்டு விழவேண்டிய பெட்ரோல் வரவில்லை, புஸ் புஸ்ஸென்று ஆவிதான் வந்தது. டீக்கடையில் கேட்டு வாங்கிவந்த ஈரத் துணியைப் பம்பின்மேலும் குழாயின்மேலும் போர்த்தி, பம்பின் அடியிலுள்ள கைத்தகட்டை நாலு தடவை அசைத்ததும், புட்டியில் பெட்ரோல் கொட்டிற்று.

பெட்ரோலின் இலேசான பகுதிகள் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சற்றுத் தாண்டியதுமே ஆவியாகத் தொடங்கிவிடும். பம்போ திரவத்தைத் தள்ள ஏற்பட்டதேயன்றி ஆவியைத் தள்ள ஏற்பட்டதன்று. ஓடிக்கொண்டிருக்கும்போது விசிறிக் காற்றும், புதிது புதிதாக வரும் பெட்ரோலும் குழாயைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும். எஞ்சினை அணைத்ததும் இரண்டும் நின்றுபோக, எஞ்சினின் சூடு முழுவதும் பம்பின்மேலும் குழாயின்மேலும் ஏறும். ஆகையால்தான் வேப்பர் லாக் என்பது பெரும்பாலும் ஓட்டத்தின் நடுவில் அன்றி, இளைப்பாறிவிட்டுக் கிளம்பியபின் வருகிறது. எங்கள் வண்டியில் அதற்கு விசேஷ வசதியும் செய்து தரப்பட்டிருந்தது. முன்பு ஏதோ ஒரு பட்டறையில், உடைந்த பழைய குழாய்க்குப் பதிலாக அளவுக்கு மிஞ்சிய நீளமுள்ள செப்புக் குழாய் ஒன்றைப் போட்டு, மிச்சத்தை வளைத்து வளைத்துப் புகைபோக்கிக் குழலின்மேல் சாய்த்து விட்டிருந்தார்கள். சரியான அளவுக் குழாய் கிடைக்கும்வரை ஈரத் துணியோடு காலம் தள்ளும்படி மேஸ்திரி உத்தரவிட்டார்.

இந்த இடைக்காலத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. அக்கினி நட்சத்திரத்தின் மத்தியில், வெயில் உச்சத்தில் இருந்த சமயத்தில், ஊருக்கு வெளியே ஒரு பங்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்பியதிலிருந்து வேப்பர் லாக் அடியோடு மறைந்துவிட்டது. ஈரத் துணி வேண்டியிருக்கவில்லை. டீக்கடையில் எவ்வளவு நேரம் நின்றாலும் வண்டி அணுவளவும் முரண்டு செய்யாமல் கிளம்பிற்று. ஆனால் மேம்பாலம் ஏறும்போது எஞ்சினுக்குள் சிறு கற்களைக் குலுக்குவதுபோல நாக்கிங் சத்தம் கேட்டது. சீர்செய்த ராடியேட்டர் மறுபடியும் கொதிக்கப் பார்த்தது. ஒரு தொல்லை தீர்ந்த சந்தோஷத்தோடு மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் கறுத்தது.

"குழாய் மாத்தல, வெயில் குறையல. எப்படி சார் சரியாப் போச்சு?"

நோய் இருக்கவேண்டிய இடத்தில் நோய் இல்லை என்பதையே ஒரு குறியாக எடுத்துக்கொண்ட அந்தச் சூக்ஷ்ம புத்தியை நான் இன்றும் வியக்கிறேன். டாங்கிலிருந்து ரப்பர்க் குழாய்வழியே கொஞ்சம் பெட்ரோலை இறக்கி, வடிதாள் ஒன்றில் ஒரு சொட்டு விட்டார். சுத்தமான பெட்ரோலாக இருந்தால் இரண்டு நிமிஷத்துக்குள் தடம் தெரியாமல் ஆவியாகிவிட வேண்டும். எங்கள் காகிதத்திலோ எண்ணெய்க் கறை பரந்து நின்றது. மோந்து பார்க்கவேண்டிய அவசியம்கூட இல்லை. மண்ணெண்ணெய் அவ்வளவு இலேசில் ஆவியாவதில்லை. அதைக் கலந்தால் வேப்பர் லாக் குறைவது இயற்கைதான். ஆனால் சிலிண்டரில் அது சீராக எரியாமல், உரிய காலத்துக்கு முந்தி வெடித்து நாக்கிங்கை உண்டாக்குகிறது, எஞ்சின் சூடேறுகிறது, ராடியேட்டர் அதன் பழியைச் சுமக்கிறது. டாங்கைக் காலி செய்து நல்ல பெட்ரோல் ஊற்றியதும், பழைய வேப்பர் லாக் கணக்காகத் திரும்பி வந்தது. அதைக் கண்டு மேஸ்திரி மகிழ்ந்ததுபோல், என் வண்டி வேறெதைச் செய்தபோதும் அவர் மகிழ்ந்து நான் பார்த்ததில்லை. அந்த வாரமே புதிய குழாயை வளைத்து, புகைபோக்கியிலிருந்து விலக்கிப் பொருத்தி, நடுவே ஒரு தகட்டையும் திரையாக அடித்துக் கொடுத்தார்.

அடுத்த கோடையில் அவினாசி வழியாக மேட்டுப்பாளையம் போய், நீலகிரி ஏறினோம். கல்லாறு தாண்டி 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரில் ஏறும் பாதை சமதரைக்காரர்களின் வண்டிகளுக்கு நல்ல பரீட்சை. பர்லியாறு வரையில் குறைவில்லை. அதற்குமேல் ராடியேட்டரின் உபரிக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகவும், குன்னூரை நெருங்கும்போது சரமாகவும் வழியத் தொடங்கிற்று. நிறுத்தி, மேஸ்திரியின் கிரமத்தில் யோசித்தேன். உள்ளங்கைச் சோதனையில் குளிர்ந்த பட்டை எதுவும் இல்லை. பெல்ட் இறுக்கமாக இருந்தது. நாக்கிங் சத்தமும் இல்லை. சமவெளியில் வராத கொதிப்பு மலையில் மட்டும் வருகிறது என்றால், மலைக்கு மட்டும் உரிய காரணம் ஒன்று இருக்கவேண்டும். கடல் மட்டத்தில் 212 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கொதிக்கும் தண்ணீர், 6,000 அடி உயரத்தில் சுமார் 201 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதை ஈடுசெய்வதற்குத்தான் ராடியேட்டர் மூடியில் வில்லும் ரப்பர் வளையமும் வைத்திருக்கிறார்கள். மூடி தாங்கும் ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் கொதிநிலை ஏறக்குறைய 3 டிகிரி உயருகிறது. எஞ்சின் ஆறியபின், துணியைப் போட்டு மூடியைப் பாதித் திருகி ஆவியை வெளியேற்றிவிட்டுத் திறந்து பார்த்தேன். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்து, ஒருபுறம் அடியோடு இல்லை. சமவெளியில் அது இருப்பதும் இல்லாததும் ஒன்றாக இருந்திருக்கிறது. பின்னால் வந்து நின்ற லாரி டிரைவர் ஒருவர், "இதுக்கா சார் நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, பழைய சைக்கிள் டியூபைக் கத்திரித்து வளையம் ஒன்று செய்து மாட்டிக் கொடுத்தார். அந்த வளையத்துடன்தான் ஊட்டி போய்ச் சேர்ந்தோம்.

ஊட்டியில் வேறொரு லட்சணம். பிளக்குகளைக் கழற்றினால், சென்னையில் டிகாக்‌ஷன் தூக்கலான காப்பியின் நிறத்தில் இருந்தவை, கரிப்புகை படிந்து கறுத்திருந்தன. அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்திருக்க, ஜெட் மட்டும் சமவெளிக் கணக்கிலேயே பெட்ரோலை அளந்து விடுவதால் வந்த வினை. இறங்கினால் தானே சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன், சரியாயிற்று. ஆனால் காலைக் குளிரில் எஞ்சின் நெடுநேரம் சூடேறாமல், சோக்கை இழுத்துப் பிடித்தபடியே ஏரியைச் சுற்ற வேண்டியிருந்தது எனக்கு ஒன்றை ஞாபகப்படுத்திற்று: எங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் இல்லை. நான் வாங்கும்போதே யாரோ அதைக் கழற்றி எறிந்திருந்தார்கள்.

இந்த விஷயத்தில் மட்டும் மேஸ்திரிக்கும் எனக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. தண்ணீர் 180 டிகிரி அளவுக்குச் சூடேறும்வரை அதை ராடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து, எஞ்சினை விரைவில் உரிய உஷ்ணத்துக்குக் கொண்டுவருவது தெர்மோஸ்டாட்டின் வேலை. அது இல்லாவிட்டால் எஞ்சின் குளிர்ந்தே ஓடி, எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவர்வழியே இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும், பெட்ரோல் செலவும் கூடும் என்று நான் வாதித்தேன். "நம்ம ஊர் வெயில்ல எஞ்சினைச் சூடாக்க ஒரு சாமான் வேணுமா சார்? அது மூடினாப்ல சிக்கிக்கிச்சுன்னா?" என்று அவர் கேட்டார். எஞ்சின் கொதிக்க, மேல் ஹோஸ் பச்சைத் தண்ணீராக இருந்தால் சிக்கிக்கொண்டது என்று நாமே கண்டுபிடித்துவிடலாமே என்றேன். கண்டுபிடிப்பதற்குள் ஹெட் போய்விடும் என்றார். ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் ஒன்று வாங்கி, வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டு, அது திறந்து மூடுவதை அவர் எதிரிலேயே காட்டினேன். நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மாட்டிக்கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார், ஏனென்றால் அதைத் தாம் செய்த வேலையாக அவர் கணக்கில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. வண்டியை நான் விற்றபோது, வாங்கியவரிடம் இந்தத் தெர்மோஸ்டாட்டின் பெருமையை விஸ்தாரமாக எடுத்துச் சொன்னேன். சிலகாலம் கழித்து மௌண்ட் ரோட்டில் அவரைச் சந்தித்து வண்டியைப் பற்றி விசாரித்தேன். நன்றாக ஓடுகிறதாம், புதுப்பேட்டையில் யாரோ ஒரு நல்ல மேஸ்திரி கிடைத்தாராம், முதல் காரியமாக அதைக் கழற்றிவிட்டாராம்.